சம்பந்திக்கு விழுந்த ஆதரவு

மினி பஸ் எந்த வழியாக வரவேண்டும் என்பதை மக்களே சொல்லலாம் என்று ஓர் இணையப் பக்கம் திறந்தார்கள். நம் கருத்தை எழுதலாம். பிறர் எழுதியது பிடித்திருந்தால் அதன் கீழே 'ஆதரவு' பொத்தானை அழுத்தலாம். எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் அழுத்தலாம். அதிக ஆதரவு பெற்ற வழிக்குத்தான் பஸ்.

என் மனைவிக்கு முழங்கால் தேய்மானம். சிகிச்சைக்கு வாரம் இருமுறை நாமக்கல் போகிறாள். வேலூர் ரோட்டுக்குப் போய்ப் பஸ் ஏற ஒன்றே முக்கால் கிலோமீட்டர் நடக்கவேண்டும். வாய்க்கால் கரை வழியாகப் பஸ் வந்தால் எங்கள் வாசலிலேயே ஏறிக்கொள்வாள். ஆகவே, வீடுகளையும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளையும் அறுபது கடந்தவர்களையும் எண்ணி, ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பதினான்கு பத்திகள் எழுதினேன்.

என் மகளைக் கட்டிக்கொடுத்த வீடு அடுத்த ஊரில் இருக்கிறது. அங்கே சம்பந்தியும் எழுதினார். தன் தோட்டத்துப் பக்கம் பஸ் வந்தால் நல்லது என்று இரண்டே வரி. கூடவே, வெள்ளை வேட்டியில் சிரிக்கிற படம்.

எனக்கு இருபத்தொன்று. அவருக்கு இருநூற்றெட்டு.

சுற்றுவட்டாரத்தில் ஒரு காதுகுத்து, ஓர் எழவு அவர் விடமாட்டார். கடைசிப் பந்தி முடியும்வரை பந்தலில் நிற்பார். யார் யார் வீட்டுக்கெல்லாம் போனாரோ அவர்களெல்லாம் இப்போது பதில் மரியாதை செய்தார்கள். பஸ் எந்த வழியில் வந்தால் யாருக்கு லாபம் என்று ஒருவரும் பார்க்கவில்லை. சாப்பிட்டதும் கை கழுவிக்கொண்டு கிளம்புகிற எனக்கு யார் செய்வார்கள்?

சந்தையில் எதிரே வந்தார்.

"உங்க கருத்தப் படிச்சனுங்க சம்பந்தி. நெம்ப அருமைங்க. பாதியிலயே போன்ல சார்ஜ் போயிருச்சு."

"சார்ஜ் போட்டு மீதியப் படிச்சீங்களா?"

"படிக்காட்டி என்னங்க? உங்களுக்கும் ஒண்ணு அமுத்தீட்டனுங்க."

என் இருபத்தொன்றில் ஒன்று அவருடையது. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கு நான் அழுத்தவில்லை, அழுத்துவதாகவும் இல்லை.

மறுநாள் காலையில் பார்த்தபோது அவருக்கு இருநூற்றொன்பது. மனைவி தன் போனை மடியில் வைத்துக்கொண்டு முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயா போட்டே?"

"ஆமாங்க. பொண்ணு குடுத்த ஊடு. போடாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

"உன் காலுக்குத்தானே நான் இவ்வளவும் எழுதினேன்?"

"உங்களுக்குந்தான் போட்டிருக்கறனுங்க. எண்ணிப் பாருங்க."

பஸ் அவர் தோட்டத்து வழியாகத்தான் வருகிறது. பிறகு வேலூர் ரோட்டுக்கு வருகிறது. நாங்கள் அதே ஒன்றே முக்கால் கிலோமீட்டர் நடந்துபோய் ஏறுகிறோம். ஜன்னலோரத்தில் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருப்பார் சம்பந்தி.

"வாங்க தங்கச்சி, உக்காருங்க" என்பார்.

அவள் சிரித்துக்கொண்டே உட்காருவாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் ஊரில் ஏறியவர்கள் எத்தனை பேர் என்று தலைகளை எண்ணுவேன். இதுவரை ஒருநாளும் ஒன்பதைத் தாண்டியதில்லை.