அண்ணையின் ரிவால்வருக்கு என்ன விலை

கியூபெக்கில், புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் எனக்கு வேலை. வாங்கியவர்கள் திருப்பி அனுப்பும் சாமான்களைப் பிரித்துப் பார்த்து, மறுபடி விற்பதற்கு நியாயமான விலை போடவேண்டும். மிக்சி, சப்பாத்து, சைக்கிள், எதைத் தந்தாலும் ஒரு நிமிடத்தில் விலை சொல்லிவிடுவேன். அந்தத் தலைக்கனம் எனக்குக் கொஞ்சம் உண்டு. அண்ணை இறந்து இருபதாம் நாள் அது என்னை விட்டுப் போனது.

மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிந்துவிட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு. அன்றைக்கு அவர் பாவித்தவற்றை ஐயருக்குத் தானம் கொடுக்கவேண்டும். குடை, செருப்பு, பாய், போர்வை என்று அண்ணி எல்லாவற்றையும் எடுத்து அடுக்கியிருந்தார். கோட்-டெ-நெய்ஜில் இருக்கும் அவர்களுடைய சின்ன அப்பார்ட்மெண்டில் கால் வைக்க இடமில்லை. அலுமாரிக்குள் பூட்டிய பெட்டியில் மிச்சம் ஒன்று இருந்தது. அவருடைய ரிவால்வர்.

அனுமதிப்பத்திரத்தோடு முறையாக வாங்கியதுதான். இருபது வருடங்களாக மாதத்தில் ஒரு சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு துப்பாக்கி சுடும் கழகத்துக்குப் போய்வருவார். ஊரில் துப்பாக்கிக்குப் பயந்து ஓடிவந்த மனிதர், இங்கே காசு கொடுத்து ஒன்றை வாங்கியது எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்காதது மட்டுமில்லை, கோபமும் வந்தது. அந்தப் பேச்சையே நான் எடுப்பதில்லை.

"அவர் உயிரா வச்சிருந்த சாமான், தம்பி. அதை விட்டிட்டுக் குடையையும் செருப்பையும் குடுத்தா அவற்ற மனம் ஆறுமே?" என்றார் அண்ணி.

ஐயருக்குத் தொலைபேசி எடுத்தேன். மனிதர் பதறிப்போனார். "ஐயோ, அதைத் தூக்கிக்கொண்டு வந்திடாதேங்கோ! அதின்ர பெறுமதி என்னவோ அதைத் தட்சணையா வையுங்கோ. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

"உமக்குத்தானே விலை போடத் தெரியும்," என்றார் அண்ணி. இருபது நாளாகச் சரியாகச் சாப்பிடாத முகம். சரியான பெறுமதியை வைக்காவிட்டால் அண்ணை போகவேண்டிய இடத்துக்குப் போகமாட்டார் என்று அவர் உண்மையாகவே பயந்தார்.

பெட்டியைத் திறந்து படம் மட்டும் எடுத்தேன். தொடவில்லை. பெட்டிக்குள் எண்ணூறு டொலருக்கு ரசீது இருந்தது. வேட்டைச் சாமான் விற்கும் கடைக்காரர் படத்தைப் பார்த்தார். சட்டம் மாறுவதற்கு முன்பென்றால் அறுநூறு கொடுத்திருப்பேன் என்றார். இப்போது தனியாட்களுக்குக் கைத்துப்பாக்கி விற்கவே முடியாதாம். வாங்கி வைத்து என்ன செய்ய? போலீசைக் கூப்பிட்டால் வந்து சும்மா எடுத்துக்கொண்டு போவார்கள் என்றார். அப்போ விலை? கையை விரித்தார்.

"பூச்சியமே?" என்றார் அண்ணி. "பூச்சியத்தைத் தட்டில எப்பிடித் தம்பி வைக்கிறது?"

எனக்கும் தலை சுற்றியது. எண்ணூறா, அறுநூறா, ஒன்றுமேயில்லையா? கடைசியில் எனக்குத் தெரிந்த வழிக்கே போனேன். எவ்வளவு பாவித்திருக்கிறார் என்று தெரிந்தால் தேய்மானத்தைக் கழித்து ஒரு தொகைக்கு வரலாம். ஆற்றுக்கு வடக்கே இருக்கும் அந்தக் கழகத்துக்குப் போய், பதிவேடு பார்க்கும் வயதான கியூபெக்காரரிடம் என்னுடைய அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேன். என் அண்ணை அதால் எத்தனை தரம் சுட்டிருப்பார்?

அவர் பதிவேட்டைத் திறக்கவில்லை. "ஒருதரமும் இல்லை," என்றார்.

சேர்ந்த புதிதில் சோதனைக்காகக் கழகத்தின் துப்பாக்கியால் சுட்டதுதானாம். தன்னுடையதில் குண்டே போட்டதில்லையாம். மேசையில் அதை வைத்துவிட்டு முன்னால் உட்கார்ந்திருப்பாராம். காதுக்கு மூடி போட்டிருந்தும், பக்கத்தில் மற்றவர்கள் சுடும் ஒவ்வொரு வெடிக்கும் திடுக்கிடுவாராம். முதல் வருடங்களில் சட்டையெல்லாம் வியர்வையாம். பேந்து மெல்ல மெல்லக் குறைந்ததாம்.

"போன வசந்தத்தில் ஒருநாள் என்னிடம் வந்து, இன்றைக்கு ஒருதரமும் திடுக்கிடவில்லை என்றார். இருவரும் கோப்பி குடித்துக் கொண்டாடினோம்," என்றார் கிழவர். "உங்களுக்குத் தெரியும்தானே?"

எனக்குத் தெரியாது. தெரியும் என்று தலையாட்டினேன். வெளியே வந்து காரில் சாவியைப் போடாமல் இருந்தேன். பெட்டி திறக்காமல் திரும்பி வந்த சாமானுக்கு எங்கள் கிடங்கில் முழு விலை. இதை அந்தக் கணக்கில் எடுப்பதா? புத்தி வேலை செய்ய மறுத்தது.

அண்ணியிடம் அப்படியே சொன்னேன். குசினிக் கதிரையில் இருந்து கேட்டார்.

"கோடையில வாணவேடிக்கை விட்டா குளியலறைக்குள்ள போய்க் கதவைச் சாத்துறவர்," என்றார் பிறகு. "இந்த வருசம் என்னோட பல்கணியில நிண்டு முழுக்கப் பாத்தவர். கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். நான் அதைப் பெரிசா எடுக்கேல்லை, தம்பி."

அழுது முடித்து முகத்தைத் துடைத்தார். "அது அவர் ஆசைப்பட்ட சாமான் இல்லை. அதைக் குடுத்து அவருக்கு ஒண்டும் ஆகவேண்டாம். போலீசுக்குச் சொல்லும்."

போலீஸ்காரர்கள் வந்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துப் போனார்கள். அந்தியேட்டியன்று அதற்காகத் தட்டில் ஒன்றும் வைக்கவில்லை. ஐயர் மெல்லக் கேட்டபோது, "அது குடுத்தாச்சு ஐயா" என்று அண்ணி சொல்லிவிட்டார். சரியா பிழையா, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

ஊரில் சண்டை நடந்த காலத்தில் ஒரு சோதனைச் சாவடியில் அண்ணையை முழங்காலில் இருத்தி, பிடரியில் துப்பாக்கியை வைத்திருந்தார்கள். கால்மணி நேரம். இரண்டு அடி தள்ளி நான் நின்றேன். விட்ட பிறகு வீடுவரை இருவரும் ஒரு சொல் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை. சனிக்கிழமைகளில் எனக்கு லீவுதான். ஒருநாளாவது, "நானும் வாறன் அண்ணை" என்று சொல்லியிருக்கலாம்.