முசுடு மாமா

அண்ணி சிங்களப் பெண். கினிகத்தேனைப் பக்கம். அண்ணனும் அவரும் ஹட்டனில் ஒரே துணிக்கடையில் வேலை பார்த்துப் பழகிக் கலியாணம் செய்துகொண்டு, கொட்டகலையில் எங்கள் தோட்டத்து லய வீட்டுக்கே வந்து சேர்ந்தார்கள். வந்தபோது அண்ணிக்குக் கடைக்குத் தேவையான தமிழ்தான் தெரியும். மீதியைக் காதால் கேட்டே பிடித்துக்கொண்டார்.

அப்பா தேயிலை பெக்டரியில் மெஷின் பார்ப்பவர். சட்டென்று கோபம் வரும். சோற்றில் கல் கடிபட்டால் தட்டு வாசலுக்குப் போகும். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் ஹட்டன் வரும்வரை சண்டை. கோபம் இல்லாத நேரத்திலும் யாரோடும் முகம்கொடுத்துப் பேசமாட்டார். அதனால்தான் லயத்தில் அவரை முசுடு என்றார்கள். வெறும் கோபக்காரன் என்றால் கத்திவிட்டு அடுத்த நிமிடம் சிரித்துவிடுவான். சிடுமூஞ்சிக்கு முகம்தான் அப்படி. முன்கோபி என்ற சொல்லைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்ததோடு சரி, எங்கள் பக்கம் யாரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. முசுடு என்றால் கிட்டவே போக முடியாத ஆள்.

மலைத் தண்ணீர் விழும் பீலியில் குடம் பிடிக்கும் பெண்கள், அப்பா வேலை முடிந்து வருவதைக் கண்டால், "முசுடு வருது, கொடத்த நகத்து" என்பார்கள். அம்மாவும் அங்கேதான் நிற்பார். அண்ணியும் நிற்பார். அது அப்பாவைச் செல்லமாகக் கூப்பிடும் பெயர் என்று அண்ணி நினைத்திருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் கண்ணாடியை மாட்டிவைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். அண்ணி கோப்பையை நீட்டி, "முசுடு மாமா, தேத்தண்ணி குடிங்க" என்றார். சிரித்த முகத்தோடு, மரியாதையாக.

அப்பா ரேசரைக் கீழே வைத்தார்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

அண்ணி பீலிப் பக்கம் கைகாட்டினார். "எல்லாரும் சொல்றாங்க மாமா. ஒங்க பேருதானே?"

கோப்பை பறக்கப்போகிறது என்று நான் நினைத்தேன். அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"ஒனக்கும் தெரியுமா?"

"தெரியுங்க. ரொம்ப நாளா சொல்றாங்க."

"நீயும் சொல்வியா?"

"நான் சொல்லமாட்டேன். சொல்லாதீங்கன்னும் சொன்னதில்ல."

அப்பா சோப்பு நுரையைத் துடைக்காமலே நின்றார். பிறகு அண்ணிக்குச் சிங்களத்தில் விளக்கினார். மரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டுமே சிவப்பு எறும்பு, தொட்டால் கடிக்குமே, உங்கள் ஊரில் திமியா என்பார்களே, அதுதான் முசுடு. அந்த மாதிரி ஆளையும் அப்படிச் சொல்வார்கள் என்றார். எறும்பு விஷயம் எங்களுக்கே புதிது. எங்கள் குளிரில் அந்த எறும்பு கிடையாது. இளவயதில் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் வேலை செய்தபோது அவர் பார்த்திருக்க வேண்டும்.

அண்ணி அழுதுவிட்டார்.

"நீ ஏன் அழுவுற? நீ தெரியாமதானே சொன்ன" என்று அப்பா கோப்பையை வாங்கி, பாதிச் சவரத்தோடு குடித்து முடித்தார்.

அன்று முழுக்க அவர் அம்மாவோடு பேசவில்லை. கோபம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். மனம் நொந்துபோயிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

அதற்காகக் குணம் மாறிவிடவில்லை. அந்த வாரமே டிவி ரிமோட் சுவரில் மோதி உடைந்தது. ஆனால் பீலியை நெருங்கும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு வரத் தொடங்கினார். பெண்கள் பேச்சை மாற்றிக்கொள்ளட்டும் என்றோ என்னவோ.

அண்ணி இப்போது எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுகிறார். ஆளைக் குறித்துப் புதிதாக ஒரு சொல் காதில் விழுந்தால் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இது மொகத்துக்கு நேர சொல்றதா, முதுகுக்குப் பின்னால சொல்றதா?" என்று கேட்டுக்கொள்வார்.