மெசின் வைக்க இடம் கேட்ட துஆ

சகோதரிகளே, போன வருட மழையில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில் வெடிப்பு விழுந்தது. வீடு விழவில்லை. ஆனால் அதிகாரிகள் வந்து பார்த்து, இனி இங்கே தங்கக் கூடாது என்றார்கள். உடுப்பு மூட்டைகளோடும் என் தையல் மெசினோடும் பலாங்கொடையில் கணவரின் அக்கா ஸித்தி மதினியின் வீட்டுக்கு வந்தோம். இரண்டே அறை. இரண்டு குடும்பம்.

பன்னிரண்டு வருடமாகப் பள்ளிச் சீருடையும் அபாயாவும் தைத்தவள் நான். இங்கே மெசினை விறாந்தையில் பொலித்தீன் போர்த்தி வைத்தோம். தூவானம் பட்டுத் துருப்பிடித்தது. வந்த ஓடர்களைத் திருப்பி அனுப்பினேன். மதினி போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

ஊர் ஸகாத் குழுவின் உதவிக்கு விண்ணப்பிப்போம் என்றார் கணவர். நான் மறுத்தேன். நல்ல காலத்தில் நாங்களும் ஸகாத் கொடுத்தவர்கள்தான். வாங்க வெட்கமாக இருந்தது. விடியற்காலை ஸுபஹ் தொழுதுவிட்டு அழுதழுது துஆ கேட்பேன்: யா அல்லாஹ், ஒரு மெசின் வைக்கும் அளவுக்கு இடம் தா.

மதினி அப்போதெல்லாம் என்னோடு அதிகம் பேசவில்லை. பின்னேரங்களில் எங்கோ போய்விடுவார். நாங்கள் அவருக்குப் பாரமாகிவிட்டோம் என்றே நினைத்தேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, ஸகாத் குழுவிலிருந்து ஒரு ஹாஜியார் தன் மனைவியோடு வந்தார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இடமில்லாமல் தொழிலை விட்ட பெண்களை மதினி வீடு வீடாகத் தேடிப் பெயர் எழுதியிருக்கிறார். தைக்கிறவர்கள், கேக் செய்கிறவர், மிளகாய்த்தூள் பொதி செய்கிறவர். அந்தத் தாளோடு குழுவின் முன்னால் போய் நின்று, “என்ட தம்பிட பொஞ்சாதிக்குச் சோறு எங்கட ஊட்டுல ஈக்கி. அவ கேக்கிறது வேல செய்ய ஒரு எடம்” என்றாராம்.

நான் கேட்டது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மதினியிடம் கேட்டேன். மதினி வெங்காயம் உரித்தபடி சொன்னார்: “ஸுபஹ்ல நீங்க கேட்ட துஆ எனக்கும் கேட்டிச்சி, ரிஸானா. நடுவுல ஒரு பலகதானே ஈக்கி.”

மதினியைக் கட்டிக்கொண்டு அழுதேன். பிறகு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஹாஜியார் தன் கடையின் மேல்மாடியை வாடகையில்லாமல் திறந்து தந்தார். தகுதியானவர்களுக்கு மெசினும் கேக் சுடும் அடுப்பும் ஸகாத் நிதியிலிருந்து சொந்தமாகவே கிடைத்தன. என் பழைய மெசினையும் திருத்தித் தந்தார்கள்.

இப்போது அங்கே ஆறு பெண்கள் இருக்கிறோம். தேயிலைத் தோட்டத்து பஸ்ஸில் வரும் தாய்மார் பிள்ளைகளின் சீருடைக்கு அளவு கொடுக்க நேரே மாடியேறுகிறார்கள். என் நூல் கேக் மாவில் விழுந்தால் சண்டை வரும். மத்தியானம் லுஹருக்கு ஒரே வரிசையில் நின்று தொழுவோம். அல்ஹம்துலில்லாஹ்.

கஷ்டத்தில் இருக்கும் சகோதரிகளே, உங்களுக்கு வேண்டியது எதுவோ அதையே அல்லாஹ்விடம் கேளுங்கள். அது ஒரு மனிதரின் கையால் வரும்போது, என்னைப் போல வெட்கப்பட்டு நாளைக் கடத்தாதீர்கள். கை நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள். அதை அனுப்பியவன் அவன்தான்.