விரல்களுக்கு வாங்கிய சாமான்கள்

எங்கள் வீட்டுச் சமையலறைச் சாமான்களில் பாதி, சித்தப்பாவின் வலது கையில் இல்லாத மூன்று விரல்களுக்காக வாங்கியவை. கேட்பவர்கள் சிரிப்பார்கள். நானும் இப்போது சிரித்துக்கொண்டுதான் சொல்வேன், பாதி தூரம் வரைக்கும்.

சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை. ஓசூரில் பாகலூர் ரோட்டுப் பக்கம் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் எங்களோடுதான் இருந்தார். அப்பா கம்பெனி வேன் ஓட்டப் போய்விடுவார். அம்மா ரோஜாப் பண்ணையில் பூ கட்டப் போய்விடுவாள். ஷிப்ட் முடிந்து வந்து எனக்குச் சோறாக்கிப் போட்டவர் சித்தப்பாதான். அவர் கைப்பக்குவம் யாருக்கும் வராது என்று அம்மாவே சொல்வாள், கொஞ்சம் கடுப்போடு. நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது, தகடு வெட்டும் பிரஸ் மிஷின் அவருடைய ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மோதிர விரலையும் வாங்கிக்கொண்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் நண்டுக் கொடுக்கு மாதிரி மிஞ்சின.

கட்டுப் பிரித்ததும் அவர் முதல் வேலையாகச் சாமான் வாங்க ஆரம்பித்தார். கயிற்றை இழுத்தால் வெங்காயம் வெட்டும் டப்பா ஒன்று வந்தது. ஒரு கை டப்பாவைப் பிடிக்கணும், ஒரு கை கயிற்றை இழுக்கணும். விளம்பரத்தில் சிரித்த பெண்ணுக்குப் பத்து விரலும் இருந்ததை யார் கவனித்தார்கள்? அப்புறம் பூண்டு நசுக்கி. நசுக்க ஒரு நிமிடம், ஓட்டையில் சிக்கியதைக் குத்தி எடுக்க அரை மணி. கைப்பிடியைச் சுற்றினால் ஆப்பிள் தோல் சீவும் மிஷின். எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால்தான் ஆப்பிளே வரும், அதனால் உருளைக்கிழங்கைக் குத்திச் சுற்றினார். தோலோடு பாதிக் கிழங்கும் போயிற்று. ஊசியில் நூல் கோக்கிற துக்கடா கம்பி ஒன்றுதான் சொன்னபடி வேலை செய்தது. அதை அம்மா எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ஏம்பா, இன்னொரு டப்பாவா? வெக்கறதுக்கு எடம் எங்க இருக்குது?" என்பாள் அம்மா.

"இதுங்களுக்கு ஒரு வேல குடுக்கணும் அண்ணி. சும்மா வெச்சா அழுவுதுங்க" என்பார் சித்தப்பா.

அவர் சாமான்களைச் சொல்கிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். அவர் கண் தன் கையைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

எனக்கு மட்டும் விஷயம் தெரியும். மத்தியானங்களில் நானும் அவரும்தான் வீட்டில் இருப்போம். திடீரென்று உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "பாப்பா, நடுவெரலு அரிக்குது, கொஞ்சம் சொறிஞ்சி வுடு" என்பார். எங்கே சொறிவது? அவர் கண்ணை மூடிக்கொண்டு காட்டிய வெற்றிடத்தில், காற்றில், என் நகத்தை வைத்துச் சுரண்டுவேன். "அங்க இல்ல கண்ணு, இன்னும் மேல. ஆங், அங்கதான்" என்று பெருமூச்சு விடுவார். ஒருநாள் குறும்புக்கு, அவர் கண்ணை மூடியிருக்கும்போது, வேண்டுமென்றே ஓர் அங்குலம் தள்ளிச் சுரண்டினேன். கண்ணைத் திறக்காமலே, "அது மோதர வெரலு. நான் சொன்னது பக்கத்துது" என்றார்.

அன்றைக்குப் பயந்து செத்தேன். ஆனாலும் பெருமையாகவும் இருந்தது. வகுப்பில் யாருடைய சித்தப்பாவுக்கு இப்படி விரல் இருக்கிறது?

இன்னொரு நாள் நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். சித்தப்பா அந்த வெங்காய டப்பாவை மேடையில் வைத்து இடது கையால் கயிற்றை இழுத்தார். அது எப்போதும் கூடவே இழுபட்டு வரும், நான் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். அன்று வரவில்லை. வலது கை டப்பாவுக்கு மேலே நின்றது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் அதைத் தொடவே இல்லை. டப்பா ஆணி அடித்ததுபோல இருந்தது, உள்ளே வெங்காயம் சரசரவென்று அரைபட்டுக்கொண்டிருந்தது. மேடையில் ஈரம் இருந்து ஒட்டிக்கொண்டிருக்கும் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். அன்று பென்சிலைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவிட்டேன்.

பயம் தெளிந்தபிறகு கேட்டேன். "அதுங்க எங்க இருக்குது சித்தப்பா?"

"மிஷின்லதான். ஜில்லுனு இரும்பு. எண்ணெ வழவழன்னு இருக்குது."

"வூட்டுக்கு ஏன் வரல?"

கொஞ்சம் யோசித்தார். "வழி தெரியாதில்ல, பாவம். மூனும் தனியா கெடக்குதுங்க, அதான் வலி. மீதிக் கையும் அங்கயே போயி சேந்துட்டா ஒன்னும் இருக்காது." பஸ் மாறி ஏறுவதைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

அவருக்கு உண்மையிலேயே வலித்தது. தலையணையைக் கடித்துக்கொண்டு புரள்வதைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். வீட்டுச் சொந்தக்கார அம்மா தெலுங்கில் 'பாபம், பாபம்' என்று பரிதாபப்பட்டு திருஷ்டி சுற்றிப் போட்டார். அப்பாதான், "இல்லாத வெரலு எப்பிட்றா வலிக்கும்?" என்று ஒருநாள் கத்திவிட்டார். அதோடு சித்தப்பா பெரியவர்களிடம் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். அவர் வலி எப்படியாவது போகணும் என்று நான் எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. அம்மா அந்தச் சாமான்களையெல்லாம் கழுவி வரிசையாக வைத்துப் பொட்டு வைத்தாள், பூண்டு நசுக்கி உட்பட. சித்தப்பாவின் கம்பெனியில் அன்றைக்கு வீட்டு ஆட்களைக் கூட்டிப்போகலாம். சித்தப்பாவை ஸ்டோருக்கு மாற்றியிருந்தார்கள், ஆனாலும் என்னைப் பட்டுப்பாவாடையோடு நேராக அந்த மிஷினிடம்தான் கூட்டிப்போனார். மற்ற மிஷின்களுக்கு ஒரு முழம் சாமந்தி. இதற்கு மட்டும் ஆளுயர மாலை. ரத்தம் பார்த்த மிஷினுக்குப் பெரிய மாலை போடுவது அங்கே வழக்கம். விபூதி பூசி, பொட்டு வைத்து, அது குளித்துச் சாப்பிட உட்கார்ந்த ஆள் மாதிரி இருந்தது.

பூஜை முடிந்ததும் ஒவ்வொரு மிஷினாக ஓடவிட்டு, அச்சுக்கு நடுவே எலுமிச்சம்பழம் வைத்து ஓர் அடி அடிக்க வேண்டும். சூப்பர்வைசர் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வந்து, இந்த மிஷினின் மோட்டாரைப் போட்டார். "இதுக்கு நீயே அடிச்சுடுப்பா" என்று சித்தப்பாவிடம் பழத்தைக் கொடுத்துவிட்டு, பூசணிக்காய் உடைக்க எல்லாரோடும் கேட்டுக்குப் போனார்.

சக்கரம் உறுமிக்கொண்டே சுற்றியது. சித்தப்பா வலது கையால் பழத்தை உள்ளே வைத்தார். கையை வெளியே எடுக்கவில்லை. கண்ணை மூடினார். அவர் முகத்தில் இருந்த சுருக்கமெல்லாம் ஒவ்வொன்றாகப் போனது. அத்தனை மாதத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவே இல்லை.

"இங்கதான் இருக்குதுங்க பாப்பா" என்றார் மெதுவாக. "இப்ப வலிக்கல."

எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்.

"அந்த ரெண்டு பச்சப் பட்டனையும் ஒன்னா அமுக்கு கண்ணு. முன்ன ஒன்னு போதும், இன்னொன்ன டேப்பு போட்டு ஒட்டியே வெச்சிருப்பம். ஒரு கை மிச்சம், பீசு சீக்கிரம் வுழும். எனக்கு இப்பிடி ஆனப்புறம்தான் மாத்திட்டானுங்க."

மிஷினுக்கு நாலடி தள்ளி ஓர் இரும்பு ஸ்டாண்டு. குறுக்குக் கம்பியின் இந்தக் கோடியில் ஒரு பட்டன், அந்தக் கோடியில் ஒரு பட்டன். வளர்ந்த ஆள் இரண்டு கையையும் விரித்தால்தான் எட்டும். உள்ளே கை வைத்திருப்பவருக்கு இரண்டுமே எட்டாது. நான் ஓடிப்போய் நின்றேன். இடது கையால் ஒன்றை அமுக்கிக்கொண்டு, கன்னத்தைக் கம்பியில் வைத்து, நுனிக்காலில் எக்கி, வலது கையை நீட்டினேன். அந்தப் பட்டனின் விளிம்பு என் நடுவிரல் நகத்தில் பட்டது. அதற்கு மேல் போகவில்லை.

"எட்டி அமுக்கு கண்ணு, இன்னும் கொஞ்சம்" என்றார் சித்தப்பா. கண்ணைத் திறக்கவே இல்லை.

தோள்பட்டை கழன்று விடுகிற மாதிரி வலித்தது. இன்னும் எக்கினேன். கேட்டில் பூசணிக்காய் உடைகிற சத்தமும் கைதட்டலும் கேட்டன. ஆட்கள் திரும்பி வந்தார்கள். சித்தப்பா கையை எடுத்தார். "இன்னுமா அடிக்கல?" என்று சூப்பர்வைசரே வந்து கைகளை விரித்து அமுக்கினார். பழம் இருந்த இடம் தெரியவில்லை, சாறு என் பாவாடை வரைக்கும் தெறித்தது. போகும் வழியில் சித்தப்பா எனக்குப் பொரி வாங்கிக் கொடுத்து, "பரவால்ல, அடுத்த வருசம் வளந்துடுவ" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஓவென்று அழுதேன். "எனக்குக் கை எட்டலம்மா. சித்தப்பா எவ்ளோ நேரம் கைய வெச்சிக்கினு நின்னாரு. என்னால அமுக்க முடியல."

அம்மா சுண்டல் கிளறிக்கொண்டிருந்தாள். "எதுல கைய வெச்சிக்கினு?"

"மிஷின்ல. வெரலுங்ககூட போயி சேர்றதுக்கு."

அம்மா அடுப்பை அணைத்தாள். என் இரண்டு கைகளையும் பிடித்து விரித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். அப்புறம் விரல் விரலாக முத்தம் கொடுத்தாள். அப்பாவுக்குப் போன் போட்டு, வண்டியை எங்கே நிறுத்தியிருந்தாலும் உடனே வரச் சொன்னாள்.

மறுநாள் அப்பா வேலைக்குப் போகாமல் சித்தப்பாவைப் பெங்களூருக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு டாக்டர், இல்லாத விரலும் வலிக்கும் என்று ஒத்துக்கொண்டாராம். சில வாரம் அங்கேயே தங்கவைத்து, இரண்டு கைக்கும் நடுவே ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியை நிறுத்தி, அதில் தெரிகிற இடது கையை வலது கையாக நினைத்து மடக்கி நீட்டச் சொல்லிப் பழக்கினாராம். வலி கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. அந்தக் கண்ணாடியும் அந்த இரும்பு ஸ்டாண்டும்தான் எங்கள் குடும்பத்துக்கு உருப்படியாக உபயோகப்பட்ட சாமான்கள்.

இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. அப்போது எனக்கிருந்த ஒரே துக்கம், சித்தப்பாவின் வலியைப் போக்க எனக்கென்று வந்த வேலையை இந்தக் குட்டைக் கையால் கெடுத்துக்கொண்டேன் என்பதுதான். அடுத்த பூஜைக்குள் கை வளரணும் என்று, பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். சித்தப்பா பெங்களூரிலிருந்து திரும்பி வந்த அன்று வாசலிலேயே வழிமறித்து, எவ்வளவு நீண்டிருக்கிறது பாருங்கள் என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். அவர் படியிலேயே உட்கார்ந்து அப்படி ஏன் அழுதார் என்று எனக்கு விளங்கவில்லை.