குண்டுக்கு விழும் பங்குகள்

1. நீளப் பட்டியல்

கொழும்புக் கோட்டையில் ஒரு பங்குத் தரகர் கந்தோரில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது போர் தொடங்கிப் பத்து வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். வாங்குவதும் விற்பதும் என் வேலையல்ல. ஒவ்வொரு கம்பனியின் விலையையும் தினமும் கொம்பியூட்டரில் பதிந்து, அது வரைந்து தரும் சார்ட்டுகளைப் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும்.

முதல் நாளே மனேஜர் சுந்தரம் சேர் திரையைக் காட்டினார். இருநூறுக்கு மேற்பட்ட சார்ட்டுகள் அகரவரிசையில் ஒரே பட்டியலாகக் கிடந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து முடிப்பதற்குள் சந்தை மூடிவிடும்.

"விமலா, இதைக் குறூப் குறூப்பாப் பிரிச்சுத் தாரும். காலமை பத்து நிமிசத்தில எனக்கு எல்லாம் தெரியவேணும்."

வங்கி, ஹோட்டல், தோட்டம், உற்பத்தி என்று தொழில்வாரியாகப் பிரித்தேன். அது எவருக்கும் வரும். ஒரே சார்ட்டை இரண்டு மூன்று குறூப்பில் போடலாம் என்று கண்டுகொண்ட பிறகுதான் வேலையில் ருசி பிறந்தது. பழைய உச்சத்தைத் தொடப் போகிறவை ஒன்றாக, மாதக்கணக்கில் அசையாமல் கிடப்பவை ஒன்றாக, இப்படி.

ஒரு நாள் சார்ட்டுகளைப் புரட்டும்போது ஒன்றைக் கவனித்தேன். நகரத்தில் குண்டு வெடித்தால் மறுநாள் சில பங்குகள் மட்டும் செங்குத்தாக விழுந்து, இரண்டு மூன்று வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஹோட்டல்கள், காப்புறுதிக் கம்பனிகள், கோட்டையில் கட்டடம் வைத்திருந்த வங்கிகள். விழுந்த அன்று வாங்கினால் லாபம். அவற்றையும் ஒரு குறூப்பாக்கினேன். பெயருக்கு எட்டு எழுத்துக்கு மேல் அந்த மென்பொருள் இடம் விடாது. குண்டுக்கு ஆங்கிலத்தில் 'பொம்ப்' என்று நாலெழுத்தில் அடித்தேன். ஒவ்வொரு பங்கும் திரும்ப எந்த விலைக்கு ஏறும் என்று பக்கத்தில் ஒரு நிரல். அதன் தலைப்பு 'டார்கெட்', அதாவது இலக்கு.

சுந்தரம் சேருக்கு வலு சந்தோசம். குண்டில் செத்தவர்களின் நினைவு அந்த நேரம் எங்கள் இருவருக்கும் வரவில்லை.

2. கிறிஸ்ரியின் பொக்கற்

வாடிக்கையாளர்களின் ஓடர்களைத் தொலைபேசியில் எடுப்பவர் கிறிஸ்ரி. கொட்டாஞ்சேனைக்காரர், இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பன். இடது காதில் ரிசீவரை வைத்து வலது கையால் எழுதுவார். ஓர் இலக்கம் பிழைத்ததில்லை. பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது என் குறூப்புகளை அச்செடுத்து வாங்கிக்கொள்வார். "பஸ்ஸில பாத்துக்கொண்டு போவன், மிஸ்" என்பார்.

ஒரு காலை அவருடைய மனைவி பிலோமினா கந்தோருக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"நேற்று பின்னேரம் செக் பொயின்ற்றில அவரைப் பிடிச்சிட்டாங்கள், மிஸ். பொக்கற்றில ஒரு கடதாசி இருந்ததாம். மேல பொம்ப் எண்டு போட்டு, கீழ ஹோட்டல், பாங் பேரெல்லாம் இருந்ததாம். அவர் ஏன் அப்பிடி எழுதப்போறார்?"

அது நான் அச்செடுத்துக் கொடுத்த கடதாசி.

சுந்தரம் சேர் அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். "நான் பொலிசில போய் நிண்டா என்ர பேரும் அவங்கட புத்தகத்தில விழும். நானும் தமிழன்தானே. கடிதம் ஒண்டு தாறன், கொண்டு போம். முதல்ல அந்தக் குறூப்பின்ர பேரை மாத்தும்."

குறூப்பை அழிக்கச் சொல்லவில்லை. நானும் 'குறூப் ஏழு' என்று மாற்றினேன்.

கடிதத்தோடு நான் இறங்கும்போது வரவேற்பு மேசையில் இருந்த சிங்களப் பெண் நிமால்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். எங்களுக்குள் சிங்களத்தில்தான் பேச்சு. "தனியாகப் போகாதே. அங்கே நான் பேசுகிறேன், நீ வாயைத் திறக்காதே" என்றாள்.

3. பதில் சொல்லாத கேள்வி

பொலிஸ் நிலையத்தில் இரண்டு மணித்தியாலம் வாங்குப் பலகையில் இருந்தோம். பொறுப்பதிகாரியின் மேசையில் என் கடதாசி கிடந்தது. நிமால்கா பங்கு, சார்ட், விலை எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினாள். அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"மேக்க கெஹுவே கவுத?"

இதை அடித்தது யார் என்று கேட்டார். என் அடையாள அட்டையைக் கைக்குள் மூடிப் பிடித்தேன். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அதில் இருந்தது.

"நான்தான், சேர்" என்றாள் நிமால்கா.

அவர் அவளுடைய முழுப் பெயரைக் கேட்டார். கேட்டதும் முகம் இளகியது. பட்டியலுக்கு இப்படியா பெயர் வைப்பது, உனக்கு மூளை இல்லையா என்று தங்கையை ஏசுவதுபோல ஏசிவிட்டு, பெயரையும் களனி விலாசத்தையும் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவளுடைய வீட்டுக்கு இரண்டு தடவை விசாரிக்க வந்திருக்கிறார்கள். அதைக்கூட அவள் எனக்குச் சொல்லவில்லை. வேறொருவர் சொல்லித்தான் தெரியும்.

மேலிடத்துக்கு அறிக்கை போய் வரவேண்டும் என்று கிறிஸ்ரியைப் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது அவருக்கு இடது காது கேட்கவில்லை. ரிசீவரை வலது காதில் வைத்து வலது கையால் பிடித்தால் எழுத முடியாது. கழுத்துக்குள் இடுக்கிக்கொண்டு எழுதிப் பார்த்தார். மூன்றாவது வாரம், பதினையாயிரம் பங்கு என்று ஆங்கிலத்தில் சொன்னதை ஐம்பதாயிரம் என்று எழுதிவிட்டார். சுந்தரம் சேர் அவரைக் கடிதம் அனுப்பும் பகுதிக்கு மாற்றினார். இரண்டு மாதத்தில் அவராகவே வேலையை விட்டார்.

கடைசி நாள் என் மேசைக்கு வந்தார். அவருக்குக் கேட்க நான் உரத்துப் பேச வேண்டும், மற்றவர்களுக்கும் கேட்டுவிடும் என்று அவர் என்னைப் பேச விடவில்லை.

"முதல் நாள் யார் எழுதினது எண்டு கேட்டுக் கேட்டுத்தான் அடிச்சவங்கள், மிஸ். உங்கட பேரை நான் குடுக்கேல்ல. உங்களுக்கு ஊர் யாழ்ப்பாணம்தானே."

அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை.

அடுத்த குண்டு வெடித்த மறுநாள் காலையில் நான் குறூப் ஏழைத் திறந்தேன். எங்கள் கம்பனி வாங்கியது. லாபம் வந்தது.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்குச் சார்ட்டுகளைப் பிரிக்கப் பழக்குகிறேன். பெயர் வைக்கும்போது அவசரப்படாதீர்கள், அந்தக் கடதாசி யாருடைய சட்டைப்பைக்குள் போகும் என்று யோசியுங்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். கடதாசியைக் காட்டி, யார் இதை அடித்தது என்று கேட்டால் அடித்தவர்தான் எழும்பி நிற்கவேண்டும் என்பதை அவர்களுக்கு என்னால் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.