கம்பிக்காரன் எழுதிய “நான் சௌக்கியம்”

மூன்றாவது தாளையும் கசக்கி எறிந்துவிட்டு, பென்சிலின் மரத்தைப் பல்லாலேயே உரித்தான் கம்பிக்காரன். போர்முனையில் தொலைபேசிக் கம்பி இழுக்கிற வேலை அவனுக்கு. கம்பியின் உறையை உரித்து உரித்துப் பழகிய பல். காலி வெடிமருந்துப் பெட்டிதான் மேசை. எழுதும்போது வாய் சும்மா இருக்காது, யாரையாவது திட்டிக்கொண்டே இருக்கும். இன்றைக்குத் தன்னையே திட்டிக்கொண்டான்.

“நான்தாண்ணே கெடுத்தேன். எல்லாம் நான் அளந்து விட்டது.”

அம்மா பயப்படக்கூடாதென்று வாராவாரம் அப்படித்தான் எழுதுவான். நான் சௌக்கியம். சாப்பாடு பிரமாதம். பொழுது போகாமல் சீட்டு ஆடுகிறோம். போன மாதம் குண்டு சிதறி இடது கையில் இரண்டு விரல் போனபோதுகூட, “லேசாக ஜலதோஷம்” என்றுதான் எழுதினான். பக்கத்துக் கட்டில்காரனான எனக்கு, பட்டாளத்து லாரி ஓட்டுகிற எனக்கு, வயிறு எரிந்தது.

ஊரில் அவன் அப்பா அந்தக் கடிதங்களை எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் வாசித்துக் காட்டியிருக்கிறார். கேட்டுக் கேட்டுத் தம்பிக்கு ஆசை வந்துவிட்டது. அடுத்த மாதம் பட்டாளத்தில் சேருகிறானாம். “அவனும் உன்னைப் போல ராஜா மாதிரி இருக்கட்டும்” என்று எழுதியிருக்கிறார் அப்பா.

“ராஜாவாம். இந்த ராஜா சட்டைப் பொத்தான் போடப் படுற பாட்டை அவர் வந்து பார்க்கட்டும்.”

உண்மையை எழுதித்தான் பார்த்தான். கடிதங்களைப் படித்துப் பார்த்து அனுப்பும் அதிகாரி இரண்டு தடவையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். “சேர வர்றவனைப் பயமுறுத்தக்கூடாதுப்பா. நல்லதா நாலு வார்த்தை எழுது.” குண்டுச் சத்தத்தைத் தூரத்தில்கூடக் கேட்டிராத மனிதர். அந்த ஆளை ஓங்கி அறையலாம் போலிருந்தது எனக்கு. பொய்க்கு முத்திரை குத்தி அனுப்புவார்கள், உண்மையென்றால் குற்றம். நன்றாயிருக்கிறது நியாயம்.

“லீவு கேட்டு நேரா போயிடேன்டா,” என்றேன்.

“கேட்டேண்ணே. வலது கை இருக்கே, போதும், வேலையைப் பாருன்னுட்டாங்க.”

நாலாவது தாளை எடுத்தான். “அன்புள்ள தம்பிக்கு, நான் சௌக்கியம்” என்று எழுதினான். மறுபடியும் ஆரம்பித்துவிட்டானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் அந்த வரிக்குக் கீழே இடது கையை விரித்து வைத்து, அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுக்கத் தொடங்கினான். விரல் இல்லாத இடம் வந்ததும், தாள் கிழிகிற மாதிரி அழுத்தி இழுத்தான்.