நான் தள்ளிவைத்த டெஸ்ட்

என் மருமகளுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடமாகக் குழந்தை இல்லை. மகனுக்குத் துபாயில் வேலை. வருடத்தில் ஒரு மாதம்தான் லீவு. கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் டியூப் டெஸ்டை அவன் வருவதற்குள் எடுத்துவிட்டால், லீவிலேயே சிகிச்சையைத் தொடங்கலாம் என்று பாண்டிச்சேரி டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

போன வருடம் அவன் வர ஒரு வாரம் இருந்தது. மரக்காணத்தில் எங்கள் உப்பளத்தில் வாரிக் குவித்த உப்பு திறந்தவெளியில் கிடந்தது. வானம் மூடிக்கொண்டு வந்தது. மருமகள் கதவோரம் வந்து நின்றாள்.

"மாமா, நாளைக்கு பாண்டி போணும். டெஸ்ட்டு."

"மழை வரும்போல இருக்குதும்மா. உப்ப மூடிட்டு நாலு நாள் கழிச்சுப் போலாமே?"

"இல்ல மாமா, நாளைக்குன்னா..."

"டெஸ்ட்டு எங்க ஓடிடப் போவுது?"

அவள் உள்ளே போய்விட்டாள். என் மனைவி உயிரோடு இருந்திருந்தால் அவளிடம் மருமகள் காரணத்தைச் சொல்லியிருப்பாள். மருமகளைத் தனியாகப் போய்வரவும் நான் விட்டதில்லை.

நாலு நாள் கழித்துப் போனோம். ஸ்கேன் சென்டர் நர்ஸ், "பீரியட்ஸ் வந்து எத்தினி நாளாச்சும்மா?" என்று சத்தமாகக் கேட்டாள். மருமகள் என்னைப் பார்த்துவிட்டு அவள் காதில் சொன்னாள்.

"ஐயோ, லேட்டும்மா. நின்ன உடனே வந்திருக்கணும். இப்ப எடுத்தா அடைப்பில்லாததும் அடைப்பாட்டம் தெரியும். அடுத்த மாசம் வா." பிறகு என் பக்கம் திரும்பினாள். "பெரியவரே, நீங்க அப்பாவா?"

"மாமனாருங்க."

"அதான பார்த்தேன்."

திரும்பும்போது பஸ் கீழ்புத்துப்பட்டைத் தாண்டியதும் மருமகள், "நீங்க பயாலஜி வாத்தியார்தானே மாமா?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிளஸ் டூ வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வந்தால், "வீட்ல படிச்சுக்குங்க" என்று பக்கத்தைத் திருப்பிய வாத்தியார் நான். மாதச் சுழற்சி எனக்குத் தெரியாததல்ல. ஏன் நாளைக்கே போக வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உப்பின் மேல் இருந்த பதைப்பு எனக்கு அவள் மேல் இல்லை.

அடுத்த மாதம் டெஸ்ட் எடுத்தபோது மகனுக்கு லீவு முடிய இரண்டு நாள்தான் பாக்கி. வலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவள், "ஒரு பக்கம் அடைச்சிருக்குதாம். இன்னொண்ணு நல்லா இருக்குதாம் மாமா" என்று எனக்குத்தான் தைரியம் சொன்னாள். சிகிச்சை அடுத்த லீவுக்குத் தள்ளிப்போனது. என்னால்தான் என்று மகனிடம் சொன்னேன். "விடுப்பா" என்றான்.

இந்த வருட லீவுக்கு அடுத்த வாரம் அவன் மறுபடி வருகிறான். இன்று காலை மருமகள் டீயை வைத்துவிட்டு என் எதிரே நின்று சொன்னாள்.

"மாமா, எனக்கு பீரியட்ஸ் வந்துடுச்சு. ட்ரீட்மெண்ட் ஆரம்பிக்க ரெண்டாவது நாளே ஸ்கேனுக்கு வரச் சொன்னாங்க. நாளைக்குப் போணும்."

எனக்கு முகம் சூடானது. ஆனாலும் தலையைக் குனியவில்லை.

"மொத பஸ்ஸுக்கே போயிடலாமாம்மா?"

"எட்டு மணி பஸ்ஸே போதும். ஆறிடப் போவுது, டீயக் குடிங்க."